மானாம்பதியில் மட்டும் வந்த பிழை

"சார், கனெக்‌ஷனைத் திறக்கிறது, மூடுறது, மறுபடி பயன்படுத்துறது எல்லாத்தையும் லைப்ரரியே பார்த்துக்குது. நீங்க மட்டும் ஏன் எப்பப் பார்த்தாலும் அதையே நோண்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று பழைய அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண் கேட்டாள். அங்கே யாராவது புரோகிராமைக் காட்டினால், ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேசும் அந்த இணைப்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன். லைப்ரரி என்றால் மற்றவர்கள் எழுதி வைத்த ஆயத்த புரோகிராம். அவளுக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனதால் கைபேசியை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான், ஒரு வரியில் விடமாட்டான்.

உத்திரமேரூரில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் முடித்தேன். காஞ்சிபுரத்தில் மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் டிப்ளமோ வாங்கினேன். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் சென்னைக்கும் அதைத் தாண்டியும் போனார்கள். எனக்கு ஊரை விட மனம் வரவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் என்னை யாரும் கூப்பிடவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் பன்னிரண்டு பேர் வேலை பார்த்த சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். தினமும் காலையில் திருப்புலிவனம் வழியாகப் போகும் பஸ், மாலையில் அதே பஸ். ஓய்வு பெறும் வரை அந்த மாடிப்படியைத்தான் ஏறி இறங்கினேன்.

கடைசி சில வருடங்களில் எங்களுக்கு வந்த பெரிய வேலை, ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நெல் கொள்முதல் மையங்களுக்கானது. உத்திரமேரூரைச் சுற்றி அந்தச் சங்கத்துக்கு ஒன்பது மையங்கள் இருந்தன. விவசாயி பட்டாவை எடுத்துக்கொண்டு மையத்துக்கு வருவார். ஆபரேட்டர் கிராமத்தையும் சர்வே எண்ணையும் அவருடைய கைபேசி எண்ணையும் கம்ப்யூட்டரில் தட்டுவார். சர்வே எண் நில ஆவணங்கள் இருக்கும் சர்வருக்குப் போகும். நிலம் யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு பரப்பு என்று பதில் வரும். பெயர் ஒத்துப்போனால் பரப்புக்கு ஏற்றபடி இத்தனை மூட்டை, இந்தத் தேதியில் கொண்டு வாருங்கள் என்று ஒரு டோக்கன் அச்சாகும். நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தச் சீட்டுதான் எல்லாம்.

அந்த சர்வர் யார் கேட்டாலும் பதில் சொல்லாது. முன்பே பதிவு செய்துகொண்ட ஒரே ஒரு முகவரியிலிருந்து கேட்டால்தான் பேசும். ஆகவே ஒன்பது மையங்களின் கேள்விகளும் முதலில் எங்கள் மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டருக்கு வரும். அது எல்லோருக்காகவும் கேட்டு வாங்கித் திருப்பி அனுப்பும். அதைத்தான் ப்ராக்ஸி என்கிறோம். சொல்லக் கேட்டால் எளிமையாக இருக்கும். அதை ஒழுங்காக ஓடவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் வாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. வெளியே போகும் எதுவும் ப்ராக்ஸி வழியாகத்தான் போக வேண்டும் என்று எழுதி வைத்தேன். எது வெளியே, எது உள்ளே என்று எழுத மறந்துவிட்டேன். எங்கள் டேட்டாபேஸ் இருந்த கம்ப்யூட்டர் என் மேசையிலிருந்து நாலு அடி தூரம். அதற்குப் போக வேண்டிய கேள்வியும் ப்ராக்ஸிக்குப் போய், அது வெளியே தேடிப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்துகொண்டிருந்தது. எங்கள் திட்டத் தலைவி கற்பகவல்லி மேடம் வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். "பக்கத்து வீட்டுக்குப் போறதுக்கு செங்கல்பட்டு சுத்திப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் பேசுவது அவ்வளவுதான். யாரையும் தன் அறைக்குக் கூப்பிட மாட்டார். தானே எழுந்து வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பார். குரலை உயர்த்த மாட்டார், "பரவாயில்லை" என்றும் சொல்ல மாட்டார். எங்காவது ஒரு பிழை என்று புகார் வந்தால், கீபோர்டைத் தொடும் முன் ஒரு வெள்ளைத்தாளை நடுவில் மடித்துத் தருவார். இடது பக்கம் பார்த்தது. வலது பக்கம் நினைத்தது. தமிழில், கையால் எழுத வேண்டும். எழுதியதை அவர் வாசிக்கும்போது பேனாவை மூடாமல் பிடித்திருப்பார். இடது பக்கத்தில் நாம் நினைத்தது ஏதாவது நுழைந்திருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வலது பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி இழுப்பார். புதிதாக வந்தவர்களுக்கு இடது பக்கம் முழுக்க வட்டமாகத்தான் இருக்கும். எனக்குப் பல வருடங்களில் வட்டம் குறைந்திருந்தது. நின்றுவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ப்ராக்ஸி ஓட ஆரம்பித்ததும் வேகப் பிரச்சினை வந்தது. மையங்களில் இருந்தவை பழைய கம்ப்யூட்டர்கள். சிம் கார்டு போட்ட சின்ன டப்பாவில்தான் இணையம். ஒவ்வொரு கேள்விக்கும் ப்ராக்ஸியோடு புதிதாக இணைப்பு ஏற்படுத்தி, பதில் வாங்கி, மூடிக்கொண்டிருந்தேன். பதில் வரும் நேரத்தைவிட இணைப்பு கிடைக்கும் நேரம் அதிகமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் போன் போட்டு, ஒரு கேள்வி கேட்டு, வைத்துவிட்டு, அடுத்த கேள்விக்கு மறுபடி எண்ணைச் சுழற்றுவது மாதிரி. ஒரு தடவை போட்ட போனை வைக்காமலே அடுத்தடுத்துக் கேட்டால் என்ன? அப்படித் திறந்தே வைத்திருக்கும் இணைப்புக்கான ஆயத்த லைப்ரரி அந்தப் பழைய கம்ப்யூட்டர்களில் ஏறவில்லை. நானே உட்கார்ந்து எழுதினேன்.

அன்று முதல் டோக்கன் மளமளவென்று வந்தது. திருப்புலிவனத்தில் மதியம் வரை நின்ற வரிசை பதினோரு மணிக்கே கலைந்தது. சங்கத்துச் செயலாளர் ஆண்டுக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். இந்த வேலையில் இருப்பவனுக்குப் பொன்னாடை எல்லாம் கிடைக்காது. நான் வானத்தில் மிதந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

அடுத்த அறுவடையில் மானாம்பதி மையத்துக்கு எஸ்தர் என்ற பெண் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். அவளுடைய அப்பா, அம்மா இருவரும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். கொள்முதல் மையத்துக்கு மூட்டை தூக்கத்தான் அவர்கள் குடும்பத்திலிருந்து ஆள் போயிருக்கிறது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது அவள் எனக்கு ஒரு தொலைபேசிக் குரல் மட்டும்.

"சார், மானாம்பதி எஸ்தர் பேசறேன். சில நேரத்துல வேற ஆளு பேரு வருது சார்."

"மூடித் தொறந்து பாரும்மா."

"மூடித் தொறந்தா சரியாயிடுது சார். ஆனா ஏன் வருது?"

"நம்பர் தப்பா அடிச்சிருப்பே. பார்த்து அடி."

இப்படி மூன்று முறை பேசினாள். மூன்று முறையும் இதையேதான் சொன்னேன். வேறு எந்த மையத்திலிருந்தும் இந்தப் புகார் வரவில்லை. எட்டு இடத்தில் ஒழுங்காக ஓடுவது ஒரு இடத்தில் மட்டும் ஓடவில்லை என்றால் கோளாறு அந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை நான் ஆராயவும் இல்லை.

பிறகு ஒரு நாள் செயலாளர் பதற்றத்தோடு கூப்பிட்டார். மானாம்பதியில் ஏகாம்பரம் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு ஏகாம்பரம் இருப்பார், அதில் அதிசயம் இல்லை. ஒருவருக்கு நாலு ஏக்கர். இன்னொருவருக்கு அறுபது சென்ட். அவர் விவசாயம் போக மீதி நேரத்தில் அதே மையத்தில் மூட்டை தூக்குகிறவர். நாலு ஏக்கர்க்காரருக்கு டோக்கன் போடும்போது, இந்த நிலத்துக்கு ஏற்கனவே டோக்கன் கொடுத்தாகிவிட்டது என்று திரை சொல்லியிருக்கிறது. தேடிப் பார்த்தால் அந்த டோக்கன் அறுபது சென்ட்காரரின் சட்டைப்பையில் இருந்தது. பெரிய ஏகாம்பரம் களத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டார். சின்ன ஏகாம்பரத்தின் மனைவி அஞ்சலை தினமும் எஸ்தருக்கு மோர் கொடுக்கிறாள், அதற்குக் கைம்மாறாக இவள் என் நிலத்தை அவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள் என்பது அவர் குற்றச்சாட்டு.

நான் ப்ராக்ஸியின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். யார், எப்போது, என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எஸ்தர் முதலில் பெரிய ஏகாம்பரத்தின் சர்வே எண்ணைக் கேட்டிருந்தாள். அடுத்து சின்ன ஏகாம்பரத்தின் எண்ணைக் கேட்டிருந்தாள். இரண்டுக்கும் சரியான பதில் போயிருந்தது. ஆனால் டோக்கன் மட்டும் பெரியவரின் நிலத்துக்கும் சின்னவரின் கைபேசி எண்ணுக்குமாகச் சேர்ந்து பதிவாகியிருந்தது. இரண்டையும் எடுத்துப் பார்த்து, பெரிய பரப்பைத் தேர்ந்தெடுத்துச் சின்னவருக்குக் கொடுத்த மாதிரியே இருந்தது. தெரியாமல் செய்த மாதிரி கூட இல்லை.

கற்பகவல்லி மேடம் அந்த வாரம் விடுப்பில் இருந்தார், அவருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நான் தாளை மடிக்கவில்லை. போனை எடுத்துச் செயலாளரிடம், "நம்ம சிஸ்டம்ல எதுவும் இல்லைங்க. ஆபரேட்டர் பக்கம்தான் பார்க்கணும்" என்றேன். அவர் அன்றே எஸ்தரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். வரும் வெள்ளிக்கு அடுத்த வெள்ளி நிர்வாகக் குழு கூடும், அங்கே அவளை நீக்கிவிட்டுக் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுப்பதாக முடிவு. ஒரு வாக்கியத்தில் ஒரு பெண்ணைத் திருடியாக்கிவிட்டு நான் மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். ரசம் நன்றாக இருந்தது என்பது வரைக்கும் நினைவிருக்கிறது.

மேடம் திரும்பி வந்ததும் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் மடித்த தாள் இருந்தது. நான் எழுதிக் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார்.

"'ஆபரேட்டர் பெரிய பரப்பைத் தேர்ந்தெடுத்தார்'னு இடது பக்கம் எழுதியிருக்கீங்க. தேர்ந்தெடுத்ததை நீங்க பார்த்தீங்களா?"

"பதிவேட்டுல அப்படித்தான் மேடம் இருக்கு."

"பதிவேட்டுல ரெண்டு கேள்வியும் ரெண்டு பதிலும் இருக்கு. தேர்ந்தெடுத்தது எங்க இருக்கு?"

வட்டம் போட்டார். அம்புக்குறியை வலது பக்கத்துக்கு இழுத்தார். அதற்குப் பிறகு இடது பக்கத்தில் மிஞ்சியது இரண்டு வரி.

"அந்தப் பொண்ணு இதுக்கு முன்னாடி எதாவது சொல்லியிருக்கா?"

"மூணு தடவை போன் பண்ணாங்க மேடம். வேற பேர் வருதுன்னு."

"அது ஏன் இந்தத் தாள்ல இல்ல?"

அவர் தாளை மேசை மேல் வைத்தார். "இன்னைக்குச் செவ்வாய். போய்ப் பார்த்துட்டு வந்து எழுதுங்க" என்றார்.

மறுநாள் காலை காஞ்சிபுரம் பஸ்ஸை விட்டுவிட்டு மானாம்பதி பஸ்ஸில் ஏறினேன். ஏரிக்கரையை ஒட்டிய திறந்த களத்தில் மையம் இருந்தது. தார்ப்பாய் போட்ட நெல் குவியல்கள், ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் மேசை, கம்ப்யூட்டர். எஸ்தரின் இடத்தில் சங்கத்து குமாஸ்தா தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். அவர் வேலை செய்யும் முறையைப் பார்த்தேன். எண்ணைத் தட்டுவார். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். வரிசையில் யாராவது முணுமுணுத்தால், "லைன் வந்தாதான் அடுத்த ஆளு. நான் இன்னா பண்ணுவேன், எல்லாம் மேல கீறவனைக் கேளு" என்பார். சனங்கள் வெயிலில் நின்றார்கள். ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை பார்த்தேன். ஒரு பிழை வரவில்லை. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக் கூட இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மதியம் ஒரு அம்மா தூக்குச் சட்டியோடு வந்து என் எதிரில் நின்றார்.

"அந்த மிஷின்ல எழுதனது நீங்கதானா சார்? நான் அஞ்சலை. எங்க வூட்டுக்காரருதான் சின்ன ஏகாம்பரம்."

ஆமாம் என்றேன்.

"எங்க வூட்டுக்காரருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது சார். சிலிப்பு குடுத்தாங்க, மடிச்சு ஜோபில வச்சிக்கினு வந்துட்டாரு. அதுல இன்னா போட்டுகீதுன்னு அவருக்கு இன்னா தெரியும்? மோரு குடுத்தேன், இல்லன்னு சொல்லல. காலைல வந்தா சாயங்காலம் வரைக்கும் இந்தத் தகரத்துக்குக் கீய குந்திக்கினு கீது அந்தப் பொண்ணு. தாகத்துக்கு ஒரு சொம்பு மோரு குடுத்தா அது லஞ்சமா சார்?"

"லஞ்சம்னு நான் சொல்லலம்மா."

"யாரோ சொன்னாங்க. சொன்னவங்க நல்லா இருக்கட்டும்." வரிசையைப் பார்த்தார். "அது இருந்தா சனங்க இப்புடி நிப்பாங்களா சார்? லைன் வரலன்னா, 'அண்ணா, நீங்க போயி நெயல்ல குந்துங்க, ஒங்களுத அப்பால பாக்கறேன்'னு அனுப்பிட்டு அடுத்த ஆள கூப்டும். யாரையும் நிக்க வுடாது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அனுப்பிட்டுன்னா? கம்ப்யூட்டர்ல இன்னா பண்ணும்?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? செவப்பா ஒரு பட்டன் கீதே, அத்த அமுக்கும். பழைய ஆளு போயிடுவான், புது ஆளுக்கு எடம் வந்துடும்."

அந்தச் சிவப்புப் பொத்தான் நான் வைத்தது. கேன்சல். அதை அழுத்தினால் என் புரோகிராம் பதிலுக்குக் காத்திருப்பதை நிறுத்திவிடும். நிறுத்திவிட்டு அந்த இணைப்பை என்ன செய்யும்? திறந்தே வைத்திருக்கும். அடுத்த கேள்விக்கு அதையே எடுத்துக் கொடுக்கும். அதற்காகத்தானே பொன்னாடை வாங்கினேன்.

தணிகாசலத்தை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். மேசையில் இருந்த இரண்டு பட்டாக்களை எடுத்துக்கொண்டேன். முதல் எண்ணைத் தட்டி, உடனே கேன்சலை அழுத்தி, இரண்டாவது எண்ணைத் தட்டினேன். லைன் நன்றாக இருந்ததால் நான் கேன்சலை எட்டும் முன்பே முதல் பதில் வந்துவிட்டது, அடுத்ததற்கும் சரியான பெயர் வந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் சரியாக வந்தது. மூன்றாவது முறை லைன் இழுத்துக்கொண்டது, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கேன்சலை அழுத்தி, இரண்டாவது எண்ணைத் தட்டினேன். திரையில் முதல் பட்டாக்காரரின் பெயர் வந்தது.

போனை வைக்காமல் ஒரு கேள்வி கேட்கிறோம். பதில் வரும் முன் அடுத்த கேள்வியைக் கேட்கிறோம். அந்தப் பக்கம் இருப்பவர் முதல் கேள்விக்கு உண்டான பதிலைத்தான் முதலில் சொல்லுவார். நாம் அதை இரண்டாவது கேள்விக்கான பதில் என்று எழுதிக்கொள்கிறோம். அதற்கு அடுத்த ஆளுக்கு இரண்டாவது ஆளின் பதில் வரும். எல்லோருக்கும் முந்தின ஆளின் பதில். சாதாரணமாகப் பெயர் மாறுவது கண்ணில் பட்டுவிடும், எஸ்தர் நான் சொன்னபடி மூடித் திறப்பாள், புது இணைப்பு வந்து எல்லாம் சரியாகிவிடும். முந்தின ஆளும் அடுத்த ஆளும் ஏகாம்பரமாக இருந்த அன்று கண்ணில் படவில்லை. பதிலில் சர்வே எண்ணும் வரத்தான் செய்தது. ஆனால் திரையில் இடம் போதாது என்று நான் பெயரையும் பரப்பையும் மட்டும் பதிலிலிருந்து காட்டினேன். சர்வே எண்ணுக்கு ஆபரேட்டர் தட்டியதையே காட்டிவிட்டேன். எண்ணும் பெயரும் சரியாகவே தெரிந்தபோது, பரப்பை மட்டும் அவள் சந்தேகப்பட வழியில்லை.

மற்ற எட்டு மையங்களில் ஏன் வரவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அங்கெல்லாம் தணிகாசலங்கள் உட்கார்ந்திருந்தார்கள். லைன் வரும் வரை ஆளை நிற்க வைத்தார்கள். கேன்சலைத் தொட வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் மேல் இரக்கப்பட்ட ஒரே ஒருத்தி கையில்தான் என் பிழை மாட்டியது. எனக்கு அவமானமாக இருந்தது. அழுகை கூட வந்தது, கொட்டகைக்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஒரு குறுக்கு யோசனையும் வந்தது. 'இணைப்புக் கோளாறு' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், எஸ்தரையும் விட்டுவிடுவார்கள். ஆனால் லைன் மேல் பழி போடுவதை ஊரில் எல்லோரும் தினமும் செய்கிறார்கள், அதை யார் நம்புவார்கள்? சங்கம் பெரிய மனது பண்ணி அவளை மன்னித்தது என்றுதான் மானாம்பதியில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு அவளைக் கடைசி வரை விடாது. அந்த யோசனையை உத்திரமேரூர் பஸ் நிலையம் வருவதற்குள் கைவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் புரோகிராமைத் திருத்தினேன். இரண்டே மாற்றங்கள். கேன்சல் செய்த இணைப்பை அங்கேயே மூடிவிட வேண்டும், எவ்வளவு நேரம் மிச்சமானாலும் அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. பதிலில் இருக்கும் சர்வே எண்ணும் கேட்ட சர்வே எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்காமல் எதையும் திரையில் காட்டக் கூடாது. எழுதச் சில நிமிடம் ஆனது. சோதித்துப் பார்க்க மதியம் வரை ஆனது. பிறகு தாளை மடித்து எழுதினேன். கேன்சலை அழுத்திய பின் முந்தின எண்ணின் பதில் வந்தது, என் கண்ணால் பார்த்தேன். புரோகிராமை எழுதியது நான். ஆபரேட்டர் மூன்று முறை தொலைபேசியில் சொன்னார். மூடித் திறக்கச் சொன்னேன்.

மேடம் வாசித்தார். பேனா திறந்தே இருந்தது. "வலது பக்கம் காலியா இருக்கு" என்றார்.

"நினைச்சதெல்லாம் முன்னாடியே சொல்லிட்டேன் மேடம், செயலாளர்கிட்ட."

அவர் கீழே கையெழுத்துப் போட்டார். "இதைத் தபால்ல அனுப்பினா பத்தாது. அந்தப் பொண்ணை எங்க வச்சுப் பேசினாங்களோ அங்க படிக்கணும். நானும் வர்றேன்."

வெள்ளிக்கிழமை குழுவைக் களத்திலேயே கூட்டச் சொன்னது மேடம்தான். செயலாளருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நாற்காலிகளைப் போடச் சொன்னார். டோக்கனுக்கு வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். பெரிய ஏகாம்பரம் முன்னால் உட்கார்ந்திருந்தார். கொட்டகையின் ஓரத்தில், அஞ்சலைக்குப் பக்கத்தில் ஒரு ஒல்லியான பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் எஸ்தர் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் எழுந்து தாளைப் படித்தேன். போனை வைக்காமல் கேள்வி கேட்கும் விஷயத்தையும் விளக்கிச் சொன்னேன். பெரிய ஏகாம்பரம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப அந்தப் பட்டன அமுக்காம வுட்டிருந்தா இது வந்திருக்காது?"

"வந்திருக்காதுங்க."

"அப்ப அமுக்குனது தப்புதானே?"

"பட்டனை வச்சதே அமுக்கறதுக்குத்தாங்க. அமுக்கினா இன்னா ஆகும்னு நான்தான் யோசிக்கல."

"மத்த ஊர்ல ஏன் வரல?"

"மத்த ஊர்ல யாரும் அமுக்கல. ஆளுங்கள வெயில்ல நிக்க வச்சாங்க."

வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்மள நெயல்ல குந்த வச்சதுக்கா அந்தப் பொண்ண பதினோரு நாளா வூட்ல குந்த வச்சீங்க?" என்று பொதுவாகக் கேட்டார். செயலாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பெரிய ஏகாம்பரம் எழுந்து நின்றார். அவர் கெட்டவர் இல்லை. நாலு ஏக்கர் நெல்லைத் தார்ப்பாயில் மூடிவிட்டு மழைக்குப் பயந்துகொண்டிருந்தவர், அவ்வளவுதான். கொட்டகைப் பக்கம் திரும்பினார். "யம்மா எஸ்தரு. நான் பத்து பேரு முன்னாடி பேசனேன். பத்து பேரு முன்னாடியே சொல்றேன், நான் பேசனது தப்பு. வந்து ஒக்காரு. என் டோக்கன நீயே போட்டுக் குடு."

தணிகாசலம் எழுந்து இடம் விட்டார். எஸ்தர் வந்து உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். நான் பக்கத்தில் போய் நின்று, தப்பான டோக்கனை நீக்கிவிட்டதையும் திருத்தியது என்ன என்பதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"நான் போன் பண்ணா பேசுவீங்களே, அந்த சார்தானே நீங்க?"

"ஆமாம்மா."

"மெட்ராஸ்லேர்ந்தா சார் வரீங்க?"

"இல்லம்மா. எனக்கு உத்திரமேரூரு."

அவள் கையை கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உத்திரமேரூரா? நான் நீங்க மெட்ராஸ்ல எங்கியோ கீறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார். அதான் வந்து பாக்க முடியலன்னு."

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். உத்திரமேரூரிலிருந்து மானாம்பதிக்கு அரை மணி நேரத்தில் பஸ் வந்துவிடும். அவள் பெரிய ஏகாம்பரத்தின் பட்டாவை வாங்கி எண்ணைத் தட்டினாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, நெயல்ல போயி குந்துங்க" என்று சொல்லி, சிவப்புப் பொத்தானை அழுத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.